கோழிக்குடற் புழுவின் வரலாறு



அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் கேட்டுப் பழகிய தங்களுக்கு ஒரு புழுவின் வரலாற்றைச் சொல்லப் புகுவது வேடிக்கையாகத் தோன்றக்கூடும். ஆனால் கோழியின் குடலிலே குடியிருக்கும் இப்புழு, மாரிதோறும் ஏழைகளின் வளவுகளுக்குள் நுழைந்து, இறை தண்டும் அதிகாரியைப் போலத் தன் பங்கைத் தவறாது வாங்கிச் செல்கின்றது. அது எங்கிருந்து வருகின்றது என்ற எளிய கேள்விக்கு விடை காண மனிதகுலத்துக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அக்கேள்வியின் வரலாற்றையே இன்று தங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஏழெட்டுப் பேட்டுக் கோழிகள் இருந்தன. அவை இடும் முட்டைகளை அம்மா தவிட்டுப் பானைக்குள் சேர்த்து வைப்பார். சனிக்கிழமைகளில் சைக்கிளில் வரும் ஒருவர் அவற்றை வாங்கிச் செல்வார். எங்கள் கொப்பிகளும் பென்சில்களும் அந்த முட்டைக் காசிலேயே வந்தன. ஓராண்டு கார்த்திகை மாரியில், இரண்டு மாதம் வளர்ந்திருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சோரத் தொடங்கின. சிறகு தொங்கிற்று, கொண்டை வெளிறிற்று, இரை தின்றும் நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தி நின்றது. நாவூறு பட்டதென்றார் அயல்வீட்டு ஆச்சி. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் எறியப்பட்டன. குஞ்சுகள் இறந்தன. இறந்த குஞ்சொன்றை மாமா அறுத்துப் பார்த்தபோது, அதன் குடலில் அவித்த இடியப்ப இழைகளைத் திணித்து வைத்தாற்போல வெள்ளைப் புழுக்கள் நிரம்பிக் கிடந்தன. "இவை எங்கேயிருந்து வந்தவை, மாமா?" என்று கேட்டேன். "அழுக்கிலே தானாக உண்டாகும்" என்றார் அவர். அடுத்த தை மாதத்தில் எனக்குப் புதுக் கொப்பி வாங்கப்படவில்லை. அண்ணனின் பழைய கொப்பிகளில் எழுதாது எஞ்சிய தாள்களைப் பிரித்தெடுத்துத் தைத்துத் தந்தார் அம்மா.

மாமா சொன்ன விடை தவறானது. எனினும் அத்தவற்றில் அவர் தனித்து நிற்கவில்லை. உலகம் போற்றும் பேரறிஞர்களும் அவ்விடையையே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள்.

முதலில் கோழியின் கதையைச் சிறிது நோக்குவோம். நம் வீட்டுக் கோழியின் முன்னோர் தென்கிழக்காசியக் காடுகளில் வாழ்ந்த செங்காட்டுக்கோழி ஆகும். நம் இலங்கைத் தீவின் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி அதற்கு உறவினமே, அதுவே அன்று. மத்திய தாய்லாந்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட எலும்புகளை ஆராய்ந்தோர், கி. மு. 1650 முதல் கி. மு. 1250 வரையான காலத்திலே அங்கே வீட்டுக்கோழி இருந்ததென 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நெல்லும் தினையும் விளைந்த வயலோரங்களுக்கு இரை தேடி வந்த பறவை நாளடைவில் மனிதனின் முற்றத்துப் பறவையாயிற்று என்பது அவர்தம் கருத்து. காட்டிலே திரியும் பறவை இன்று ஓரிடத்தில் எச்சமிட்டு நாளை வேறிடத்தில் இரை பொறுக்கும். வேலி கட்டிய வளவிலோ, எச்சமிட்ட இடமும் இரை பொறுக்கும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. புழு காட்டுப் பறவையின் குடலிலும் உண்டு. அது பெருகிக் கொள்ளைநோய் போலாவதற்கு வழி திறந்தது நாம் கட்டிய வேலியே.

இனி, புழு எங்கிருந்து வருகின்றது என்ற கேள்விக்கு வருவோம். கிரேக்க நாட்டுப் பேரறிஞர் அரிஸ்டோட்டில், குடலிலுள்ள கழிவிலிருந்து புழுக்கள் தாமாகவே உண்டாகின்றன என்று எழுதினார். தட்டைப் புழு, உருண்டைப் புழு, சிறு புழு என அவர் செய்த வகுப்பு கூர்மையானதே. ஆயினும் அவற்றின் பிறப்பைப் பற்றிய அவர் கூற்றை ஐரோப்பா முழுவதும் நூற்றாண்டு நூற்றாண்டாக வினவாது ஏற்றது.

அந்நம்பிக்கையின் அடித்தளத்தை முதலில் அசைத்தவர் இத்தாலியின் தொஸ்கானா நாட்டு அரண்மனை வைத்தியர் பிரான்செஸ்கோ றெடி. 1668ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் ஒரு பரிசோதனை விளக்கப்படுகின்றது. இறைச்சித் துண்டுகளைச் சில பாத்திரங்களில் திறந்தபடியும், சில பாத்திரங்களில் மூடியும் வைத்தார். ஈக்கள் மொய்த்த இறைச்சியில் மட்டுமே புழுக்கள் தோன்றின. மூடியிருந்த இறைச்சி அழுகிற்றேயன்றிப் புழுக்கவில்லை. அழுகலிலிருந்து புழு பிறப்பதில்லை, ஈயின் முட்டையிலிருந்தே பிறக்கின்றது என்பது தெளிவாயிற்று. 1684ஆம் ஆண்டில், உயிருள்ள விலங்குகளின் உள்ளே வாழும் உயிர்களைப் பற்றி அவர் மற்றொரு நூலும் எழுதினார். பறவைகள், மீன்கள், நாற்கால் விலங்குகள் எனப் பலவற்றை அறுத்துப் பார்த்து எழுதிய அந்நூலே ஒட்டுண்ணி இயலுக்குக் கால்கோளிட்டது என்பர். ஆயினும் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். இறைச்சிப் புழுவைப் பற்றி உறுதியாகப் பேசிய றெடி, குடற்புழுவின் பிறப்பைப் பற்றிப் பேசும்போது தயங்கினார். உயிருள்ள உடலே தன் உயிராற்றலால் அவற்றைத் தோற்றுவிக்கலாம் என்ற எண்ணம் அவரை விட்டு முற்றாக நீங்கவில்லை. மூடிய குடலுக்குள் வெளியிலிருந்து ஒரு புழு எவ்வாறு புகும்? கண்ணெதிரே வழி தெரியாதபோது, அறிவாளியும் பழைய நம்பிக்கையிலேயே சாய்ந்து நிற்கின்றான்.

ஒரு நூற்றாண்டு சென்றபின்னும் இக்கேள்வி தீரவில்லை. 1780ஆம் ஆண்டில் டென்மார்க்கின் அறிவியற் கழகம் குடற்புழுக்களின் தோற்றத்தைப் பற்றிய சிறந்த கட்டுரைக்குப் பரிசு அறிவித்தது. பரிசு பெற்றவர் பேர்லின் நகர வைத்தியரான மார்க்கஸ் புளொக். நம் கடலுக்கு அப்பால் தரங்கம்பாடியிலிருந்த பாதிரிமார் அனுப்பிய மீன்களை ஆராய்ந்து, நாம் நன்கறிந்த விரால் மீனுக்கு அறிவியற் பெயரிட்ட அதே புளொக்தான் அவர். மீன்களைப் பற்றி அத்துணை நுணுக்கமாக எழுதிய அவர், குடற்புழுக்கள் விலங்குகளோடு கூடவே பிறக்கின்றன, வெளியிலிருந்து வருவனவல்ல என்று 1782இல் முடிவு கூறினார். ஆகவே பரிசு பெற்ற விடையும் தவறாகவே இருந்தது. 1788இல் பவேரிய நாட்டுப் பாதிரியாரும் இயற்கை நூலாருமான சிறாங், அதுகாறும் அறியப்பட்ட குடற்புழுக்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். கோழியின் சிறுகுடலில் வாழும் பெரிய உருளைப்புழுவும், அதன் குருட்டுக்குடலில் வாழும் சிறு புழுவும் இன்றும் அவர் அளித்த பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. புழுவுக்குப் பெயர் கிடைத்தது, பிறப்பிடம் கிடைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேதான் இருள் விலகத் தொடங்கிற்று. யேர்மனியில் கூக்கன்மைஸ்ரர் என்ற வைத்தியர் 1850களில் நாடாப்புழுவின் இளம் பருவத்தை விலங்குகளுக்கு ஊட்டி, அது குடலிலே முழுப்புழுவாக வளர்வதைக் காட்டினார். பிரான்சில் கசிமிர் டவேன் என்பார் உருளைப்புழுவின் முட்டைகளை நீரிலிட்டுப் பொறுமையோடு காத்திருந்து, அவை நீண்டகாலம் உயிரோடிருப்பதையும், உள்ளே கரு வளர்வதையும் நுணுக்குக்காட்டியின் கீழ்க் கண்டார். கேள்விக்கு விடை அந்த முட்டையிலேயே இருந்தது. புழு குடலில் பிறப்பதன்று. முன்னொரு புழு இட்ட முட்டையிலிருந்து வருவது. அம்முட்டை வாய்வழி புகுகின்றது.

கோழியின் உருளைப்புழு நடத்தும் வாழ்க்கையை இன்று நாம் ஐயமற அறிவோம். பெண்புழு 7 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீளும். அது இடும் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாத சிறியவை. எச்சத்தோடு நிலத்தில் விழும். விழுந்தவுடன் அவற்றால் தீங்கில்லை. ஈரமும் வெப்பமும் நிழலும் வாய்த்தால், ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முட்டைக்குள் இளம்புழு உருவாகிக் காத்திருக்கும். கோழி அதனை இரையோடு விழுங்கியதும், குடலில் முட்டை திறந்து இளம்புழு வெளிப்பட்டுக் குடற்சுவரினுள் புகுந்து சிலநாள் தங்கும். குஞ்சின் உடம்பு மிகவும் நலிவது இக்காலத்திலேதான். பின் அது மீண்டும் குடலுக்குள் வந்து வளர்ந்து, விழுங்கப்பட்ட ஐந்து முதல் எட்டு வாரத்தில் தானும் முட்டையிடும். வெயிலும் வறட்சியும் அம்முட்டைக்குப் பகை. நிழலும் ஈரமும் உள்ள மண்ணிலோ, அது மாதக்கணக்காக, சிலவேளை ஓராண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். எங்கள் வீட்டுக் குஞ்சுகள் மாரியில் இறந்ததன் காரணத்தை இப்போது தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம். வைகாசி வெயிலில் கருகும் முட்டைகள் கார்த்திகை ஈரத்திலே பிழைத்துக்கொண்டன. நாவூறு அன்று, நனைந்த மண்.

ஆனால் எல்லாப் புழுவும் இவ்வாறு நேர்வழியில் வருவதில்லை. கோழியின் நாடாப்புழுக்கள் தூதர்களை வைத்துக்கொண்டவை. பின்னாளில் மலேரியா ஆராய்ச்சியாற் புகழ்பெற்ற இத்தாலியர் கிறாசி, றொவெல்லி என்பாரோடு சேர்ந்து 1889 தொடக்கம் 1892 வரை செய்த ஆய்வுகளில், கோழியின் மிகச்சிறிய நாடாப்புழுவொன்று ஓடற்ற நத்தையின் உடலில் இளம்பருவத்தைக் கழிக்கின்றதெனக் கண்டார். டவேனின் பெயரே அப்புழுவின் இனத்துக்கு இடப்பட்டுள்ளது. ஏனைய நாடாப்புழுக்களை எறும்பு, வண்டு, வீட்டு ஈ ஆகியன சுமக்கின்றன என்பதும் பின்னர் தெரியவந்தது. கோழி எறும்பைக் கொத்தும்போது புழுவையும் விழுங்கிவிடுகின்றது.

குடலையன்றி மூச்சுக்குழலைப் பற்றும் புழுவும் ஒன்றுண்டு. அது பற்றிய குஞ்சு கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து, மூச்சுக்குத் திணறும். அமெரிக்காவின் பால்ரிமோர் நகர வைத்தியர் அன்ட்றூ வீசன்தால் 1799இல் வெளியான ஒரு கடிதத்தில் கோழிகளிலும் வான்கோழிகளிலும் தாம் கண்ட இப்புழுவை விவரித்தார். 1880களில் நியூயோர்க் மாநிலத்து வாக்கர் என்பார் மண்புழுக்கள் இதனைப் பரப்புவதைக் காட்டினார். அதே காலத்தில் பிரெஞ்சு விலங்கு வைத்தியர் மெக்னின் இந்நோயைப் பற்றி எழுதிய நூல் 1883இல் இலண்டனில் வெளியாயிற்று. காட்டுப் பறவைப் பண்ணைகளுக்கு அவர் விதந்துரைத்த மருந்து யாது தெரியுமா? நம் வீட்டு இரசத்தில் மணக்கும் பெருங்காயமே! அதனைச் செந்தியன் என்னும் கசப்பு வேரின் தூளோடு கலந்து இரையில் ஊட்டச் சொன்னார்.

இவற்றினும் வியப்பானது அமெரிக்க வான்கோழிகளின் கதை. அந்நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் வான்கோழிகள் ஈரல் புண்ணாகிக் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1895இல் தியோபால்ட் சிமித் என்ற அறிஞர் அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டார். ஆனால் அந்நுண்ணுயிர் மிக மென்மையானது. எச்சத்தோடு வெளியேறியதும் விரைவில் இறந்துவிடுவது. அவ்வாறாயின் நோய் ஆண்டுக்கணக்காக நிலத்தில் எவ்வாறு தங்குகின்றது? கால் நூற்றாண்டு சென்றபின், 1920இல் சிமித்தும் கிறேபிலும் விடை கண்டார்கள். கோழியின் குருட்டுக்குடலில் வாழும் சிறு புழுவின் முட்டைக்குள்ளேயே அந்நுண்ணுயிர் ஒளிந்து பயணஞ் செய்கின்றது. அச்சிறு புழு கோழிக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. ஆதலின் அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் அதன் முட்டை, கடலிற் கப்பல்போல, வான்கோழியின் கூற்றுவனைச் சுமந்து திரிந்தது. கோழியையும் வான்கோழியையும் ஒரே வளவில் வளர்த்தலாகாது என்ற விதி அன்று பிறந்தது.

மருந்துகளின் வரலாறு தனியொன்று. பழங்காலத்தில் எல்லா நாட்டினரும் கசப்பையும் காரத்தையும் நம்பினர். நம் நாட்டவர் வேம்பையும் பப்பாசி விதையையும் நாடினர். நாம் வெற்றிலையோடு மெல்லும் பாக்கு, மேனாட்டு விலங்கு வைத்தியத்திலும் நாடாப்புழுவுக்கு மருந்தாயிற்று. நாய்களுக்கும் கோழிகளுக்கும் பாக்குத்தூள் கொடுக்கப்பட்டது. இலங்கைக் கமுகந் தோட்டங்களின் பாக்கு நெடுங்காலமாகக் கடல் கடந்த பொருளன்றோ? அதன் சாரமாகிய அரிகோலின் 1888இல் யேர்மனியில் பிரித்தெடுக்கப்பட்டது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 1916இல் புகையிலைக் காம்பை நறுக்கி ஊறவைத்து இரையிற் கலந்து கொடுக்கச் சொன்னார்கள். இவை யாவும் புழுவுக்கு நஞ்சு. அளவு சற்றுத் தவறினால் கோழிக்கும் நஞ்சு. 1938ஆம் ஆண்டளவில் பெனோதயசீன் வந்தது. முதலிற் பூச்சிகொல்லியாக ஆராயப்பட்ட அப்பொருள் குருட்டுக்குடற் புழுவை வெளியேற்றிற்று. 1950களில் பிப்பெரசீன் வந்தது. அது புழுவைக் கொல்வதில்லை, முடக்குகின்றது. முடங்கிய புழுவைக் குடலே வெளியே தள்ளிவிடும். குடிநீரிற் கலந்து கொடுக்கக்கூடியதாகவும் தீங்கு குறைந்ததாகவும் இருந்தமையால், அது உலகெங்கும் பரவிற்று. 1960களிலும் 1970களிலும் அதனினும் பரந்த ஆற்றலுள்ள மருந்துகள் தொடர்ந்தன. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்ரின் என்னும் மருந்து தோன்ற வழி கண்ட யப்பானியர் ஒமுராவும் அயர்லாந்தில் பிறந்த காம்பெலும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். புழு மருந்தொன்று உலகின் உயர்ந்த பரிசைப் பெற்ற நாள் அது.

ஆனால் மருந்து மட்டும் போதுமா? இக்கேள்விக்கு விடை கோழிக்கூட்டில் அன்று, நம் மலையகத்திலே எழுதப்பட்டது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மருந்து குடித்தனர், புழு வெளியேறிற்று. எனினும் லயன் அறைகளைச் சூழ்ந்த மண் மாறவில்லை. மலசலகூடங்கள் இல்லாத தோட்டங்களில், மருந்து குடித்த மனிதர் வெறுங்காலோடு அதே மண்ணிலே நடந்தனர். புழு மீண்டும் ஏறிற்று. மருந்துக்குச் செலவிட முன்வந்தோர் மலசலகூடத்துக்குச் செலவிடத் தயங்கினர். கொழுக்கிப்புழு வேறு, கோழிப்புழு வேறு. ஆயினும் இரண்டின் பாடமும் ஒன்றே: உடலைக் கழுவி மண்ணை விட்டுவிட்டால் வேலை பாதியே முடிந்தது.

இன்னொரு பாடம் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து விவசாயக் கல்லூரியிலிருந்து வந்தது. அங்கே அக்கேட் என்ற விலங்கியற் பேராசிரியர் 1920கள் முதல் பல்லாண்டுகள் கோழியின் உருளைப்புழுவை ஆராய்ந்தார். எண்ணி எடுத்த புழு முட்டைகளைக் குஞ்சுகளுக்கு ஊட்டினார். ஒரு கூட்டத்துக்கு நிறை உணவும், மற்றக் கூட்டத்துக்கு விற்றமின் ஏ குறைந்த உணவும் கொடுத்தார். குறையுணவு தின்ற குஞ்சுகளில் புழுக்கள் மிகுதியாகவும் நீண்டும் வளர்ந்தன என்பதை 1927இல் வெளியிட்டார். றோட் ஐலண்ட் றெட் போன்ற கனத்த இனங்கள் வெள்ளை லெக்ஹோர்னைவிடப் புழுவை நன்கு எதிர்ப்பதையும் அவர் கண்டார். வயது முதிர்ந்த கோழியைப் புழு ஏன் எளிதில் வெல்வதில்லை என்ற கேள்விக்கு 1939இல் அவரும் அவர்தம் துணைவரும் விடை கூறினர். குஞ்சு வளர வளர அதன் குடற்சுவரிலே சீதத்தைச் சுரக்கும் கிண்ண வடிவக் கலங்கள் பெருகுகின்றன. அச்சீதம் புழுவின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. ஆகவே மூன்று நான்கு மாதம் நிரம்பும்வரை குஞ்சைக் காத்துவிட்டால், பின்னர் அது பெரிதும் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். எனினும் முதிர்ந்த கோழி புழுவற்றதென எண்ணிவிடலாகாது. தான் நலிவடையாமலே தன் எச்சத்தால் மண்ணிலே முட்டைகளை விதைப்பது அதுவே.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பண்ணைகளிலே கோழிகள் கம்பிக் கூட்டுக்குள் ஏற்றப்பட்டன. எச்சம் கீழே விழுந்தது; கோழியின் அலகு அதனைத் தொடவில்லை. புழுவின் சங்கிலி அறுந்தது. புழுவின் காலம் முடிந்ததெனப் பலரும் கருதினர். ஆனால் கோழி சிறகை விரிக்கவும் மண்ணைக் கிளறவும் வழியற்ற அச்சிறையை மக்கள் வெறுக்கத் தொடங்கினர். ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் இயற்றிய விதியின்படி வெறுங்கம்பிக் கூடுகள் 2012 முதல் அங்கு தடைசெய்யப்பட்டன. கோழி மீண்டும் மண்ணுக்கு வந்தது. அதனோடு உருளைப்புழுவும் மீண்டும் வந்தது. மருந்துகளும் முன்போல் நம்பத்தக்கனவாயில்லை. வான்கோழியின் உருளைப்புழு வழக்கமான மருந்தொன்றைத் தாங்கி நிற்கப் பழகிவிட்டதை அமெரிக்க ஆய்வாளர் அண்மை ஆண்டுகளில் கண்டிருக்கின்றனர். மருந்தை அடிக்கடியும் அரைகுறையாகவும் கொடுத்தால், பிழைக்கும் புழுக்களையே நாம் தெரிந்தெடுத்து வளர்த்தவர்களாவோம்.

நேயர்களே, வரலாறு கற்பது பழையதை வியப்பதற்கு மட்டுமன்று. இந்த நெடிய கதையிலிருந்து நம் வளவுக்கு எடுத்துச் செல்லக்கூடியவை சில உண்டு. குஞ்சுகளைத் தாய்க்கோழியன்றி மற்றப் பெருங்கோழிகள் நடமாடிய நிலத்தில் விடாது, புதிய நிலத்தில் வளர்த்தல் முதலாவது. கூட்டை ஓரிடத்திலேயே ஆண்டுக்கணக்கில் வையாது இடம் மாற்றி, பழைய இடத்தை வெயில் காயவிடுதல் இரண்டாவது. கூட்டிலுள்ள உமியையும் மரத்தூளையும் ஈரமேறாது காத்து, எச்சத்தை நாள்தோறும் அகற்றி, குஞ்சுகள் எட்டாத இடத்தில் எருவாக மக்கவிடுதல் மூன்றாவது. இரையை மண்ணில் எறியாது, எச்சம் விழாத உயரத்தில் பாத்திரத்தில் வைத்தல் நான்காவது. முருங்கைக்கீரையும் மஞ்சட் சோளமும் பழுத்த பப்பாசியும் நம் வீட்டிலேயே கிடைக்கும் விற்றமின் ஏ ஊற்றுக்கள். அவற்றைக் குஞ்சுக்கும் கொடுத்தல் ஐந்தாவது. கோழிகள் மெலிந்தால் ஊகத்தின்பேரில் மருந்து வாங்கி ஊட்டாது, எச்சத்தைச் சிறிது எடுத்துச் சென்று கால்நடை வைத்தியரிடம் காட்டுக. எந்தப் புழு, எந்த மருந்து, எவ்வளவு, மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை உண்ணலாகாது என்பவற்றை அவரே சொல்வார். மருந்து கொடுத்த நாட்களில் வெளியேறும் எச்சத்தை உடனே கூட்டி அகற்றாவிடின், வெளியேறிய புழுவின் முட்டைகள் மீண்டும் உள்ளே புகும் என்பதை மறவாதீர்கள்.

மாமா இப்போது இல்லை. அவர் சொன்ன விடையை நான் குறை கூறவும் மாட்டேன். றெடி தயங்கிய இடத்தில், புளொக் தவறிய இடத்தில் அவரும் தவறினார். ஆனால் "தானாக உண்டாகும்" என்ற சொல்லிலே ஒரு தீங்கு உண்டு. தானாக உண்டாவதை யாராலும் தடுக்க முடியாது. முட்டையிலிருந்து வருவதை ஒரு தும்புத்தடியாலும் நாலு நாள் வெயிலாலும் தடுக்கலாம். அந்த வேறுபாட்டை அறிவதற்கு மனிதகுலம் 2,000 ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தது. எங்கள் வீடு ஓராண்டுக் கொப்பிகளைக் கொடுத்தது. முட்டைக் காசை நம்பி இவ்வாண்டும் கொப்பிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் பலர் இருக்கின்றனர். அவர்கள் வீட்டு வளவுகளில், இந்த மாரி தொடங்குமுன் கோழிக்கூடு ஒரு முறை இடம் மாறுமானால், இன்று நான் பேசியது வீண்போகாது.